அளக்கத் தெரிந்த கைக்கு அச்சம் எதற்கு?

எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் ஷாஃப்ட் கடைகிற டர்னரிடம் போய், "பார்க்க நல்லாத்தானே இருக்கு, அனுப்பிடலாமா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார். மைக்ரோமீட்டர் வைக்காமல் ஒரு பீஸ்கூட அவர் கையை விட்டுப் போகாது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ரிஜெக்ட். துறைமுகத்தில் எடை தெரியாத கன்டெய்னர் கப்பல் ஏறுவதில்லை. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அம்மா கூடையை லேசாகத் தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிவிடுவார். தராசில் வைத்தால் அரைக் கிலோகூடத் தப்பாது.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்த மண்ணில் பிழைப்பு என்றாலே அளவுதான். அடுத்தவனுக்காக அளந்து, அளந்ததற்குக் கூலி வாங்கி வாழ்கிற ஜனங்கள் நாம்.

அந்த டர்னர் ஷிஃப்ட் முடிந்து திருவொற்றியூரில் உள்ள வீட்டுக்கு வருகிறார். சமையலறைச் சுவரில் தவணையில் வாங்கிய ஆர்ஓ மெஷின் தொங்குகிறது. நீல விளக்கு எரிகிறது. மெஷின் வேலை செய்கிறதா என்று கேட்டால், "லைட்டு எரியுதே!" என்கிறார். உள்ளே போகிற தண்ணீர் எப்படி, வெளியே வருகிற தண்ணீர் எப்படி என்று மாட்டிய நாளிலிருந்து ஒருவரும் பார்த்ததில்லை. சர்வீஸ் பையன் வருகிறான், எதையோ கழற்றுகிறான், வேறு எதையோ மாட்டுகிறான், இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்கிக்கொண்டு போகிறான்.

கம்பெனி லாரியில் போகிற இரும்புக்கு அத்தனை பரிசோதனை. உங்கள் பிள்ளை வாயில் வைக்கிற டம்ளருக்கு ஒன்றுமே இல்லை. கோபம் வரவில்லையா? வர வேண்டும். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"நமக்கென்னங்க தெரியும், அதெல்லாம் படிச்சவங்க விஷயம்" என்று ஒரு குரல் உள்ளே முனகும். அந்தக் குரலை நம்பித்தான் ஒரு வியாபாரமே நடக்கிறது. எப்படி என்று பாருங்கள்.

மத்தியான நேரம். வீட்டில் ஆண்கள் இல்லை. டை கட்டிய ஒரு தம்பி கதவைத் தட்டுகிறான். "அக்கா, ஃப்ரீ வாட்டர் டெஸ்ட். அஞ்சே நிமிஷம்." மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவன் பையிலிருந்து எடுத்த ஆர்ஓ தண்ணீர். நாலு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பெட்டி ஒன்றை இரண்டின் மேலும் கவிழ்த்து, பிளக்கைச் சொருகுகிறான். உங்கள் தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகி, மேலே பச்சையும் கறுப்புமாக ஆடை கட்டுகிறது. அவன் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. அக்காவுக்கு வயிற்றைப் பிசைகிறது. "இன்னா தம்பி, இந்தக் கண்றாவியவா இத்தினி நாளா குடிச்சினு இருந்தோம்?"

இல்லை அக்கா. அந்தக் கண்றாவி உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அவன் கொண்டுவந்த கம்பியில் இருந்தது.

ஒவ்வொரு டம்ளரிலும் இறங்குகிற கம்பிகளில் ஒன்று இரும்பு, இன்னொன்று அலுமினியம். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் ஓடியதும் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் சரியாக ஓடாது, கம்பியும் கரையாது, தண்ணீரும் நிறம் மாறாது. நல்ல ஊற்றுத் தண்ணீரை, உடம்புக்கு வேண்டிய கால்சியம் இருக்கிற தண்ணீரை வைத்தாலும் இதே சேறுதான் வரும். அந்தப் பெட்டிக்குக் கிருமி தெரியாது, ஈயம் தெரியாது, சாக்கடையும் தெரியாது.

அடுத்த முறை அவன் வரட்டும். உட்கார வையுங்கள், மோர் கொடுங்கள். அவன் கொண்டுவந்த அந்தச் சுத்தமான டம்ளரில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற உப்பை ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக் கலக்குங்கள். "இப்ப போடு தம்பி" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் அவன் தண்ணீரும் பழுப்பாகும். ஒரு சிட்டிகை உப்புக்கு முன்னால் நிற்க முடியாத வித்தையைப் பார்த்தா இத்தனை நாள் பயந்தீர்கள்?

தண்ணீரைப் பற்றி வடசென்னைக்கு வகுப்பு எடுக்க யாருக்கு என்ன தகுதி இருக்கிறது? 1772 வாக்கிலேயே கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தது நம் ஏழுகிணறு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல் உள்ளே வந்து கிணறுகள் கரித்துப்போனதை முதலில் வாயில் வைத்து உணர்ந்தவர்கள் அங்கே இருந்த விவசாயிகள். 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை திறந்தபோது, சென்னையில் முதலில் கடலைக் குடித்தவர்கள் நாம்தான். 2013-ல் தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்ததே, அதை எந்த ஆய்வகம் முதலில் கண்டுபிடித்தது? தெருவில் இருக்கிற பெண்களின் மூக்குதான் கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது வாளியால் அள்ளிய கைகளும் நம் கைகள்தான். இந்த மூக்குக்கும் நாக்குக்கும் கைக்கும் ஒரு கருவியையும் ஒரு நோட்டையும் கொடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

முதல் கருவி டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை எண்ணாகக் காட்டுவது. பேனா அளவுதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சர்வீஸ் பையன் சட்டைப் பையில் சொருகியிருப்பது அதுதான். அவனிடம் இருக்கலாம், உங்களிடம் இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

வாங்கியதும் மீட்டரையே முதலில் சோதியுங்கள். கேஜ் சரியா என்று பார்க்காமல் வேலையை ஆரம்பிக்கிற ஃபிட்டர் உண்டா? பத்து லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் பத்துக் கிராம் தூள் உப்பு. சமையலறைத் தராசு இல்லையென்றால் தெருமுனை அடகுக் கடையில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே செய்து கொடுப்பார்கள். நன்றாகக் கலக்கி மீட்டரை வைத்தால் ஆயிரத்தை ஒட்டி ஓர் எண் வர வேண்டும். சில மீட்டர்கள் வேறு கணக்கில் பெருக்குவதால் ஆயிரத்து நானூறுவரை காட்டும், அதுவும் பிழையல்ல. எப்போதும் ஒரே மீட்டரை வைத்து அளந்தால் போதும். நமக்கு வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். வெளியே வருகிற தண்ணீரை மட்டும் அளந்துவிட்டு "60 காட்டுது, சூப்பர்" என்பார்கள். உள்ளே போனது எவ்வளவு? 900 போய் 60 வந்தால் மெஷின் பிடித்தது 840, அதாவது நூற்றுக்கு 93. நல்ல மெம்பரேன், அதாவது மெஷினுக்குள் உப்பைப் பிடிக்கிற சவ்வு. 120 போய் 60 வந்தால் பிடித்தது பாதிதான். எண் ஒன்றே, மெஷின்கள் வேறு. புது மெம்பரேன் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடிக்க வேண்டும். 80-க்குக் கீழே இறங்கினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஆனால் சந்தேகம் வந்த உடனே மெம்பரேனுக்குக் காசை நீட்டாதீர்கள். மெஷினில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் தண்ணீரை மெம்பரேன் வழியாக விடாமல் சுற்றிக் கொண்டுவந்து கலப்பது அதன் வேலை. அது அதிகம் திறந்திருந்தாலும் எண் ஏறும். அதை முழுக்க மூடிவிட்டு மறுபடி அளந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். திருகு சரிசெய்ய வேண்டிய இடத்தில் மெம்பரேனையே மாற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இன்னொன்று, இரவெல்லாம் சும்மா இருந்த மெஷினில் காலையில் வருகிற முதல் டம்ளர் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். சில நிமிஷம் ஓடவிட்டு, டேங்கில் பிடிக்காமல் டேங்குக்குள் விழுகிற குழாயிலேயே பிடித்து அளந்து பாருங்கள்.

இப்போது அந்த எண்ணை இந்தியத் தரத்தோடு வைத்துப் பாருங்கள். ஐஎஸ் 10500 என்கிற குடிநீர்த் தரம் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது. உங்கள் மெட்ரோ வாட்டர் 500-க்குள் வருகிறதா? வந்தால், உப்பை எடுக்கிற மெஷின் எதற்கு என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஆலையில் ஆர்ஓ செய்து குழாயில் விட்ட கடல் தண்ணீரைச் சமையலறையில் மறுபடி ஆர்ஓ செய்து குடித்த வீடுகள் இந்தப் பக்கம் எத்தனையோ! கிருமிதான் கவலை என்றால் கொதிக்கவைத்தாலே தீர்ந்தது. தளதளவென்று கொதிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஸ்டவ் போதும்.

மெஷின் எவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறது என்று பார்க்க வாளிச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நல்ல தண்ணீர்க் குழாய்க்கு அடியில் ஒரு பாத்திரம், கழிவுக் குழாய்க்கு அடியில் ஒரு வாளி. ஒரே நேரத்தில் வைத்து ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் கழிவு என்றால், நாலில் மூன்று பங்கு சாக்கடைக்குப் போகிறது. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டிடிஎஸ் 500-க்குக் குறைவாக இருக்கிற இடங்களில் ஆர்ஓவுக்குத் தடை விதிக்கச் சொன்னது. மற்ற இடங்களில் நூற்றுக்கு 60 பங்காவது நல்ல தண்ணீராக வர வேண்டும் என்றது. அதே கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு, நாம் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். லாரியில் பிடித்த தண்ணீரில் முக்கால்வாசியை மெஷின் வழியாகக் கொட்டியவர்களும் நம்மில் இருந்தார்கள். அந்தக் கழிவைப் பிடித்துத் தரை துடைக்கலாம், கக்கூஸுக்கு ஊற்றலாம். முதலில் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

மீட்டரையும் தெய்வமாக்கிவிடாதீர்கள். தண்ணீரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை மட்டுமே அது அறியும். 1992-ல் உலகம் அதுவரை கண்டிராத காலரா வகை ஒன்று, ஓ139 என்று பெயரிட்டார்கள், இதே சென்னையில்தான் தலைகாட்டியது. அந்தக் கிருமி ஒரு டம்ளர் முழுக்க நீந்தினாலும் டிடிஎஸ் மீட்டர் அசையாது. சாக்கடை கொஞ்சம் கசிந்து கலந்தாலும் எண் பெரிதாக மாறாது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாகி, பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சுவதுதான் நம் பழைய தெருக்களின் தீராத தொல்லை. பெட்ரோல் வாடைக்கும் மீட்டர் வாய் திறக்காது. அந்த வாடை வந்தால் மெஷினில் இருக்கிற கார்பன் ஃபில்டரை நம்பியும் குடிக்காதீர்கள். கார்பன் ஓரளவு பிடிக்கும், நிரம்பியதும் விட்டுவிடும், விட்டதை உங்களுக்குச் சொல்லாது. அங்கே உங்கள் மூக்குதான் மீட்டர்.

கார்பன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கொளத்தூருக்குப் போங்கள். ஆமாம், வண்ண மீன் கடைகளுக்கு! தொட்டித் தண்ணீரில் குளோரின் இருந்தால் மீன் செத்துவிடும் என்பதால் அங்கே குளோரின் கிட் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் இளஞ்சிவப்போ மஞ்சளோ, கிட்டைப் பொறுத்து ஒரு நிறம் வரும். மெட்ரோ வாட்டரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் இருக்க வேண்டும், குழாய் நெடுக அதுதான் காவல். நிறமே வரவில்லையென்றால் காவல் இல்லாத தண்ணீர் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று பொருள். ஃபில்டருக்குப் பின்னால் பிடித்த தண்ணீரில் நிறம் வரவே கூடாது. வந்தால் கார்பன் போய்விட்டது, அடுத்து குளோரின் மெம்பரேனை அரிக்கும். கார்பனைக் காலத்தில் மாற்றாமல் விட்டுவிட்டு மெம்பரேனுக்கு அழுவது வேண்டாத செலவு. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. குளோரின் போன தண்ணீருக்குப் பாதுகாப்பில்லை. மெஷினின் டேங்கைக் கழுவாமல் விட்டால் சுத்தமான தண்ணீரிலேயே கிருமி குடியேறும்.

கிருமிக்கு ஒரு எளிய பாட்டில் இருக்கிறது. 1982-ல் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற இந்திய ஆய்வாளர்கள் மூவர் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய முறை அது. சின்ன பாட்டில், உள்ளே மருந்து தோய்த்த தாள். குறியிட்ட அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். நம் ஊரில் வெதுவெதுப்புக்கு எங்கே போக வேண்டும்! தண்ணீர் கறுத்தால் மலக் கழிவு கலந்திருக்கச் சாத்தியம் அதிகம் என்று பொருள். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பட்டம் வேண்டாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்கள் என்று தேர்ந்தெடுத்து, கள ஆய்வுப் பெட்டியைக் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண் தன் ஊர்க் கிணற்றைச் சோதித்துச் சீட்டு எழுதுகிறாள் என்றால், ஸ்மார்ட்போனில் சீட்டுக் கம்பெனிக் கணக்கையே நடத்துகிற திருவொற்றியூர் அக்காவுக்கு இது எம்மாத்திரம்?

இதற்கு மேல் ஆய்வகம். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் தண்ணீர் பார்க்கிறது, என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் நகரில் உண்டு. அவர்கள் தருகிற பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குழாய் மூக்கை ஸ்பிரிட்டால் துடையுங்கள், இரண்டு நிமிஷம் ஓடவிடுங்கள், மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். ஐஸில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. ஐஸ் வைப்பதைப் பற்றிக் காசிமேட்டுக்காரர்களுக்கு நான் என்ன சொல்ல! எப்போதும் இரண்டு பாட்டில் கொடுங்கள், ஒன்று ஃபில்டருக்கு முன், ஒன்று பின். மணலி, எண்ணூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடிப்பவர்கள் ஈயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றையும் பார்க்கும்படி பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காததை அவர்கள் பார்க்க மாட்டார்கள். ரிப்போர்ட் வந்ததும் முதலில் ஈ.கோலை வரியைப் பாருங்கள். 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம்.

செலவாகுமே என்பீர்கள். ஆகும். ஒரே மெயின் குழாயில் தண்ணீர் பிடிக்கிற பத்து வீடுகள் சேர்ந்தால் முன் பாட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான். தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இது புதிதா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, முன் எண், பின் எண், வாளிக் கணக்கு, குளோரின் நிறம். கணக்குப் பாடம் பிடிக்காத மகளிடம் கொடுங்கள், அவள் வைத்துக்கொள்ளட்டும். சர்வீஸ் பையன் "மெம்பரேன் போச்சு சார்" என்றால் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். போன மாதம் நூற்றுக்கு 92 பிடித்தது, இந்த மாதம் 91, எங்கே போச்சு தம்பி? பழைய மெம்பரேனைக் கையில் கொடுத்துவிட்டுப் போ என்று கேளுங்கள். அவன் குரல் மாறுவதைப் பார்ப்பீர்கள். உண்மையிலேயே நல்ல மெக்கானிக் என்றால் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து அளப்பான். அவன் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயிலேயே நாற்றம் என்றால் ஃபில்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். அது உங்கள் வீட்டு வேலை அல்ல, மெட்ரோ வாட்டரின் வேலை. "தண்ணி சரியில்லீங்க" என்று போய் நிற்பவரை நாளைக்கு வா என்பார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தெந்தக் கதவு எண், குளோரின் நிறம் வந்ததா இல்லையா என்று எழுதி, கறுத்த பாட்டிலையும் டெப்போ மேஜையில் வைப்பவரை அவ்வளவு சுலபமாக அனுப்பிவிட முடியாது. புகார் எண்ணையும் அந்த நோட்டிலேயே எழுதுங்கள்.

உங்கள் தெருவில் அடுத்த முறை எத்தனை மணிக்குத் தண்ணீர் விடுவார்கள்? மோட்டார் போடும்போது முதலில் வருகிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வையுங்கள். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று, மெஷினிலிருந்து மூன்றாவது. மூன்றையும் வரிசையாக வைத்து, மோந்து பார்த்து, அளந்து எழுதிவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.